சாப்பிடச் சாப்பிடக் கரைந்த உடம்பு

எடையைக் குறைப்பது எப்படி என்று சொல்லித்தர எங்கள் வேலையிடத்தில் பத்துப் பேர் இருந்தார்கள். குறைத்த எடையை அப்படியே நிறுத்தி வைப்பது எப்படி என்று சொல்ல ஒருவரும் இல்லை. நான் போய் விழுந்த குழி இந்த இரண்டுக்கும் நடுவில் இருந்தது. இப்போது ஓரளவு தேறிவிட்டேன், மாத்திரைகள் மட்டும் தொடர்கின்றன. "நல்லாத்தானே சாப்பிடுறேன், அப்புறம் ஏன் இளைச்சுக்கிட்டே போறேன்" என்று யாராவது எங்கேயாவது குழம்பிக்கொண்டிருந்தால் அவருக்காக இதை எழுதுகிறேன்.

என் பெயர் சேகரன். மலேசியாவில், போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் ஒரு சரக்குக் கிடங்கில் மேற்பார்வையாளர். என் மனைவி பவானி கிள்ளானில் பாலர் பள்ளி ஆசிரியை. ஒரே மகள் ஜொகூரில் படிக்கிறாள். ஷிப்ட் வேலையும் நெய் மின்னும் ரொட்டி சானாயும் தே தாரேக் என்கிற இனிப்புப் பால் டீயும் சேர்ந்து என்னைத் தொண்ணூற்றெட்டு கிலோவுக்குக் கொண்டுபோய் விட்டிருந்தன. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று கிளினிக்கில் சொன்னபோது பயந்துபோய் உணவைக் கட்டுப்படுத்தினேன். சோற்றைப் பாதியாக்கினேன். கிடங்கைச் சுற்றி நடந்தேன். ஒரு வருடத்துக்குள் எழுபத்தாறு கிலோவுக்கு வந்தேன்.

அங்கே நிற்கவேண்டும் என்பதுதான் திட்டம். கிளினிக்கின் உணவு ஆலோசகர் மிஸ் தேவகி அதற்கு வழி சொன்னார்.

"அண்ணே, டயட் முடிஞ்சிருச்சுன்னு பழையபடி சாப்பிட்டா பழைய உடம்பு வந்துரும். டயட்லயே இருந்தா இன்னும் இளைப்பீங்க. நடுவுல ஒரு அளவு இருக்கு. அதைத் தேடித்தான் கண்டுபிடிக்கணும்."

"எத்தனை கலோரின்னு நீங்களே சொல்லிருங்க மிஸ். அதோட நிறுத்திக்கிறேன்."

"நான் சொல்றது ஒரு கணக்கு. உங்க உடம்பு சொல்றதுதான் உண்மை."

கலோரி என்பது சாப்பாட்டில் உள்ள எரிபொருளின் அளவு. பாரம் குறைந்த லோரிக்கு டீசல் குறைவாகத்தான் தேவைப்படும். அதுபோல இளைத்த உடம்புக்கும் முன்பு தேவைப்பட்ட அளவு தேவைப்படாது. டயட்டின்போது நான் ஆயிரத்து அறுநூறு கலோரி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். எடை நிற்க இரண்டாயிரத்து நூறு போல வேண்டியிருக்கும் என்பது அவருடைய ஊகம். ஒரேயடியாகத் தாவாமல், இருநூறு கூட்டி இரண்டு வாரம் பார்க்கவேண்டும், எடை இன்னும் இறங்கினால் மறுபடி கொஞ்சம் கூட்டவேண்டும். காலையில் எதையும் குடிப்பதற்கு முன் தராசில் ஏறவேண்டும். உப்பும் தண்ணீரும் எடையைத் தினமும் ஆட்டிவைக்கும் என்பதால் ஒருநாள் எண்ணைப் பார்த்து அலறாமல் வாரச் சராசரியைப் பார்க்கவேண்டும். அவ்வளவுதான் கலை.

நானும் அப்படியே செய்தேன். ஆயிரத்து எண்ணூறு ஆனது, எடை இறங்கியது. இரண்டாயிரமாக்கினேன், இறங்கியது. இரண்டாயிரத்து நூறைத் தாண்டியும் இறங்கிக்கொண்டே இருந்தது.

முதலில் எனக்குச் சந்தோஷம்தான். நினைத்ததைச் சாப்பிட்டும் இளைக்கிற வரம் யாருக்குக் கிடைக்கும்? "பாஸ், என்னா ரகசியம் லா, சொல்லுங்களேன்" என்று கிடங்கில் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கோடு கோழியும் சேர்த்துச் சாப்பிட்டேன். ராத்திரிச் சோற்றுக்குப் பிறகு ரொட்டி. மூவாயிரத்தையும் தாண்டினேன். மறுநாள் காலையில் தராசு அதே கீழ்நோக்கிய பாதையில் இருந்தது. நான் போடும் சாப்பாடு என்னிடம் வந்து சேரவில்லை, வழியில் யாரோ வாங்கிக்கொள்கிறார்கள் என்று தோன்ற ஆரம்பித்தது அப்போதுதான்.

கிடங்கு வாசலில் முகத்தைக் காட்டினால் கதவு திறக்கும் இயந்திரம் ஒன்று உண்டு. ஒரு திங்கட்கிழமை அதன் முன்னால் நின்றேன். "வாஜா திடாக் டிகெனாலி" என்றது. முகம் அடையாளம் தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றினேன், தொப்பியைக் கழற்றினேன், அதே குரல். பின்னால் நின்றவர்களெல்லாம் ஒவ்வொருவராகக் காட்டி உள்ளே போனார்கள். காவலாளி வந்து என்னைப் புதிதாகப் படம் பிடித்துப் பதிந்தான். திரையில் பழைய படமும் புதிய படமும் பக்கத்துப் பக்கத்தில் வந்தன. இளைத்தது எனக்குத் தெரிந்ததுதான். நான் பார்த்தது கண்களை. புதிய படத்தில் இருந்தவனுடைய கண்ணிமைகள் மேலே இழுத்துக் கட்டியதுபோல் இருந்தன. கருவிழிக்கு மேலேயும் வெள்ளை தெரிந்தது. பின்னால் எதையோ பார்த்துத் திடுக்கிட்டவனைப்போல் அவன் என்னைப் பார்த்தான்.

அந்த வாரம் இரவு ஷிப்ட். பகலில் தூங்குவேன். ஒருநாள் மதியம் விழித்தபோது பவானி அறைக்கதவில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். பள்ளியிலிருந்து வந்தவள் கைப்பையைக்கூட இறக்கி வைக்கவில்லை.

"எப்ப வந்தே?"

"ரொம்ப நேரமாச்சு."

"கூப்பிட வேண்டியதுதானே?"

"முழிச்சிருக்கீங்கன்னு நெனைச்சுப் பேசிட்டே இருந்தேங்க. நீங்க பதில் சொல்லல. கிட்ட வந்து பார்த்தேன். மூச்சு தூங்குற மூச்சா இருக்கு, கண்ணு ரெண்டும் பாதி திறந்திருக்கு. என்னையே பார்க்குற மாதிரி."

வெளிச்சமான அறை. வெளியே ஐஸ்கிரீம்காரனின் மணிச் சத்தம் கேட்டது. அந்த வெயிலில் பவானியின் கைமயிர் சிலிர்த்து நின்றதைப் பார்த்தேன்.

கிளினிக்குக்குப் போகலாம் என்றாள். அடுத்த வாரம் என்றேன். உண்மையில் எனக்குப் பயம். சர்க்கரை, புற்றுநோய் என்று மனம் எங்கெல்லாமோ போய்வந்தது. அதோடு, எதையாவது சொல்லி இந்த மெல்லிய உடம்பைப் பறித்துவிடுவார்களோ என்றும் இருந்தது. கையெழுத்துப் போடும்போது விரல்கள் நடுங்கின. குளிரூட்டிக்கு நேர்கீழே உட்கார்ந்தும் சட்டை நனைந்தது. நெஞ்சு சும்மா இருக்கும்போதே மாடிப்படி ஏறியதுபோல் அடித்துக்கொண்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கேரி தீவில் இருக்கும் என் அக்கா வீட்டுக்குப் போனோம். அக்காவும் அத்தானும் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்து வீட்டில் இருக்கிறார்கள். என்னைப் பார்த்ததும் அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்னாடா தம்பி இது? சாப்பாடே போடுறதில்லையா பவானி?"

"மூணு பேர் சாப்பாடு சாப்பிடுறாருக்கா," என்றாள் பவானி. "எங்க போகுதுன்னுதான் தெரியல."

அக்கா உள்ளே போனாள். அடுப்படியில் இரண்டு தட்டுகளில் சோறு போட்டாள். இரண்டிலும் ஒவ்வொரு வறுத்த மீன். ஒரு தட்டை என் முன்னால் வைத்தாள். இன்னொன்றை எனக்குப் பக்கத்தில், யாரோ உட்காரப்போகிற இடத்தில் வைத்தாள்.

"இது யாருக்குக்கா?"

"உன்கூடச் சேர்ந்து சாப்பிடுதே, அதுக்கு. தனியா வெச்சாத்தான் உன் பங்கைத் தொடாது. பேசாம சாப்பிடு."

பவானி சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. இருவரும் அத்தானுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு பின்வாசல் பக்கம் போனார்கள். நான் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டேன். வழக்கம்போல் மனதுக்குள் கணக்கு ஓடியது: சோறு இவ்வளவு, எண்ணெய் இவ்வளவு, மீன் ஒன்று. நிதானமாகத்தான் சாப்பிட்டேன். அப்படித்தான் எனக்கு நினைவு.

அவர்கள் திரும்பி வந்தபோது பக்கத்துத் தட்டு காலியாக இருந்தது. சோற்றுப் பருக்கை ஒன்றுகூட இல்லை. நான் என் தட்டைப் பார்த்தேன். அதன் ஓரத்தில் இரண்டு மீன்முட்கள், சீப்புபோல் சுத்தமாக, ஒன்றின் மேல் ஒன்றாக இருந்தன.

ஒரு கரண்டி எண்ணெயைக்கூட விடாமல் கணக்கு வைப்பவன் நான். அந்த இரண்டாவது மீனின் ருசி என் நாக்கில் இல்லை, அதை எடுத்த ஞாபகம் கையில் இல்லை. இன்றுவரை இல்லை. பசி முற்றிப்போனால் கை தானாகப் போகும் என்று பிறகு சொன்னார்கள். அப்படியே இருக்கட்டும். 

தண்ணீர் எடுத்துக் குடித்தேன். எதிரே நின்ற அக்கா என் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று இரண்டடி பின்னால் போனாள்.

"டேய், தொண்டையில என்னடா அது? நீ முழுங்குறப்ப ஏறி இறங்குது!"

"எல்லாருக்கும் அசையும்க்கா."

"இல்லடா. இது உனக்குள்ள ஏதோ எழுந்து உட்காருற மாதிரி இருக்கு."

கையை வைத்துப் பார்த்தேன். கழுத்தின் அடியில், இரண்டு பக்கமும், மெத்தென்று ஏதோ புடைத்திருந்தது. விரலுக்கு அடியில் அது துடித்தது. பூனையைத் தடவும்போது உள்ளே ஒரு அதிர்வு தெரியுமே, அதுபோல. கையை வெடுக்கென்று எடுத்தேன். அந்தப் பயத்திலோ என்னவோ, நெஞ்சு தாளம் தப்பியது. வேகமாக அடித்து, நின்று, மறுபடி கண்டபடி அடித்தது. எழுந்தவன் கதவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

பவானிதான் காரை ஓட்டினாள். இரண்டு பக்கமும் செம்பனைகள் வரிசை வரிசையாகக் கடந்துபோயின. என் இதயத் துடிப்பு அந்த வரிசைகளோடு ஒத்துப்போகாமல் தடுமாறியதை மட்டும் கவனித்துக்கொண்டே வந்தேன். அவள் பேசிக்கொண்டே இருந்தாள். "ம்னு சொல்லுங்க. எதையாவது சொல்லுங்க. சும்மா கண்ணைத் திறந்துகிட்டு இருக்காதீங்க, முழிச்சிருக்கீங்களான்னு எனக்குத் தெரியல."

அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவில் ஈசிஜி எடுத்தார்கள். இதயத்தின் மின்னோட்டத்தைக் கோடாக வரையும் சோதனை அது. கோடுகள் சீரில்லாமல் இருந்தன. மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே நடுங்குகின்றன, அப்படியே விட்டால் இரத்தம் உறைந்து மூளைக்குப் போகலாம் என்று சொல்லி வார்டில் சேர்த்தார்கள். இரத்தம் எடுத்துப் போனார்கள். பிறகு ஓர் இளம் தமிழ்ப் பெண் மருத்துவர் வந்தார். என் கண்களைப் பார்த்தார். இரண்டு கைகளையும் நீட்டச் சொல்லி மேலே ஒரு தாளை வைத்தார். தாள் படபடத்தது. ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைக்கவில்லை, கழுத்தில் வைத்தார்.

"அங்கிள், நீங்களே கேக்குறீங்களா?"

காதில் மாட்டிவிட்டார். என் கழுத்துக்குள் காற்று வீசிக்கொண்டிருந்தது. மூடிய கொள்கலனுக்குள் தனியாக நிற்கும்போது கேட்குமே, ஒரு ஹூ ஹூ சத்தம், அது. எனக்குள் இவ்வளவு பெரிய வெற்றிடம் எங்கே இருக்கிறது என்று தோன்றியது.

"என்ன டாக்டர் அது?"

"தைராய்டு. கழுத்துல வண்ணத்துப்பூச்சி மாதிரி ஒரு சுரப்பி. உடம்பு எவ்வளவு வேகமா ஓடணும்னு அதுதான் சொல்லும். உங்களோடது அளவுக்கு மீறி வேலை செய்யுது, அதனால ரத்தம் அதுக்குள்ள அடிச்சுக்கிட்டு ஓடுது. அந்தச் சத்தம்தான்."

உடம்பின் காவல் அணுக்களே சுரப்பியைத் தவறாகத் தூண்டிவிடுகிற நோய் என்றார். கண்ணைச் சுற்றியுள்ள தசைகளையும் அது தொடும். அதனால்தான் இமைகள் மூடுவதில்லை. நான் என் மொழியில் புரிந்துகொண்டேன்: லோரி நின்ற இடத்திலேயே நிற்கிறது, ஆக்சிலரேட்டர் மட்டும் அடிவரை அழுத்தப்பட்டிருக்கிறது. எவ்வளவு டீசல் ஊற்றினாலும் எரிந்துபோகும். என்னோடு சேர்ந்து சாப்பிட்டது யார் என்று கடைசியில் தெரிந்தது.

சுரப்பியை அடக்க ஒரு மாத்திரை, இதய வேகத்தைக் குறைக்க ஒன்று, இரத்தம் உறையாமல் இருக்க இன்னொன்று. முதல் மாத்திரை சாப்பிடும் காலத்தில் காய்ச்சலோ தொண்டைவலியோ வந்தால் உடனே வரவேண்டும், இரத்தத்தின் வெள்ளணுக்களை அது அபூர்வமாகக் குறைத்துவிடும் என்று மருத்துவர் பவானியிடம் இரண்டு தடவை சொன்னார்.

எதிர்க்கட்டிலில் மிஸ்டர் வோங் இருந்தார். ஓய்வுபெற்ற லோரி ஓட்டுநர். அவருக்கு இதயம் பலவீனம். சாப்பாட்டை முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளிவிடுவார். ஆனாலும் உடம்பில் நீர் கோத்துத் தினமும் எடை ஏறியது. நானோ எனக்கு வந்ததையும் பவானி கொண்டுவந்ததையும் தின்று தீர்த்து இறங்கிக்கொண்டிருந்தேன். காலையில் தாதி தராசை உருட்டிக்கொண்டு வந்து முதலில் என்னையும் பிறகு அவரையும் நிறுத்துவார். வோங் மலாயில் சொன்னார்:

"பாஸ், நீ விடுறதெல்லாம் என்கிட்ட வருது. பார்த்தியா?"

விளையாட்டுக்குத்தான் சொன்னார். ஆனால் அதன்பிறகு அவர் வீங்கிய கால்களைப் பார்க்கும்போதெல்லாம் அதில் என் சதை இருப்பதுபோல் தோன்றியது. மதியம் வார்டு அடங்கும் நேரத்தில் என் கட்டிலின் இரும்புக் கம்பி லேசாகக் கிணுகிணுக்கும். என் துடிப்புதான். "இன்னும் ஆடுதா?" என்று திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்பார். ஆடுகிறது என்பேன். "எனக்கும் கேக்குது," என்பார்.

ஒரு காலையில் எனக்கு எடை ஏறியிருந்தது. அரைக் கிலோ. எத்தனையோ மாதங்களில் முதல் தடவை. சொல்லலாம் என்று திரும்பினேன். வோங்கின் கட்டில் காலி. புது விரிப்பு, சுருக்கமில்லாமல். தாதியிடம் கேட்டேன். "மாத்தியாச்சு," என்று மட்டும் சொல்லிவிட்டுத் தராசைத் தள்ளிக்கொண்டு போனார். அன்று முழுவதும் நான் சாப்பிடவில்லை. கொடுத்ததை எல்லாம் திருப்பி எடுத்துக்கொண்டதுபோல் இருந்தது.

மாலையில் பவானி வந்ததும் அவளிடம் சொல்லி அழுதேன். அவள் போய் விசாரித்துவிட்டு வந்தாள். அவருடைய மகளை லிப்ட் பக்கம் பார்த்தாளாம். "இதய வார்டுல இருக்காரு. ஊசி போட்டு நீரெல்லாம் இறங்கிடுச்சாம். ஆளு மெலிஞ்சு நல்லாயிருக்காராம். எழுந்து சாப்பிடுங்க." சோற்றைப் பிசைந்து என் கையில் தந்தாள். தூங்கப்போகும் நேரத்தில் கண்ணில் ஜெல் விட்டு, இமைகளை மெல்லிய பட்டையால் ஒட்டிவிடக் கற்றுக்கொண்டாள். "கண்ணை மூடி விடுறது எனக்கு என்னமோ மாதிரி இருக்குங்க," என்றாள் ஒருநாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. எனக்கும் அதே நினைப்புத்தான்.

வீட்டுக்குப் போகும் முன் மிஸ் தேவகி வார்டுக்கு வந்தார். என் கணக்கெல்லாம் தப்பாகிப்போனதாகச் சொன்னேன்.

"கணக்கு தப்பில்ல அண்ணே. நல்லா சாப்பிட்டும் எடை இறங்குது, கை நடுங்குது, நெஞ்சு படபடக்குதுன்னா அதுக்கு மேல கலோரியைக் கூட்டக்கூடாது, ரத்தப் பரிசோதனைதான். அன்னைக்கே என்கிட்ட வந்திருக்கணும். இனிமேதான் கவனம். சுரப்பி அடங்க அடங்க உடம்பு எரிக்கிறது குறையும். பசி அதுக்கு ஏத்த மாதிரி உடனே குறையாது. மூவாயிரத்துலயே இருந்தீங்கன்னா சரசரன்னு ஏறும்."

"திரும்ப முதல்ல இருந்தா?"

"முதல்ல இருந்துதான். ஆனா இந்த முறை உடம்பு உண்மையைச் சொல்லும்."

அப்படியேதான் நடந்தது. முதலில் கரைந்துபோன சதை திரும்ப வரவேண்டும் என்று ஏறவிட்டோம். பிறகு ஏற்றம் நிற்கவில்லை. சாப்பிட்டு முடித்த கையோடு அடுத்த வேளையை நினைக்கும் பசி அப்படியே இருந்தது, அதை எரித்த நெருப்பு மட்டும் தணிந்திருந்தது. பவானி சோற்றுக் கரண்டியைச் சின்னதாக மாற்றினாள். கீரையையும் பருப்பையும் கூட்டினாள். நான் தனியாக உட்கார்ந்து சாப்பிடாதபடி பார்த்துக்கொண்டாள். என் ஷிப்ட் எதுவானாலும் ஒரு வேளை அவளும் எதிரில் ஒரு தட்டோடு உட்கார்ந்தாள். இருநூறு குறைத்தோம், பார்த்தோம். மறுபடி குறைத்தோம். மாத்திரை அளவு மாறியபோது சாப்பாட்டையும் மாற்றினோம். கடைசியில் இரண்டாயிரத்தை ஒட்டி ஓரிடத்தில் எடை நின்றது. எழுபத்தெட்டுக்கும் எண்பதுக்கும் நடுவில் ஏறும், இறங்கும், திரும்பி வரும்.

நெஞ்சும் அடங்கிவிட்டது. சில மதியங்களில் விழித்துப் படுத்திருக்கும்போது கழுத்தில் விரலை வைத்துப் பார்க்கிறேன். அமைதியாக இருக்கிறது. தூங்குகிறதா, போய்விட்டதா என்று மருத்துவராலும் சொல்ல முடியவில்லை. ஒன்றரை வருடம் மாத்திரை சாப்பிட்டு நிறுத்திப் பார்க்கலாம், சிலருக்குத் திரும்பி வரும் என்கிறார். கண்ணிமைகளும் முழுதாகக் கீழே இறங்கவில்லை. சின்னக் குழந்தைகள் என்னைப் பார்த்தால் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொள்கின்றன.

தீபாவளிக்கு முன்னால் கிள்ளானில் ஒரு தையற்கடைக்குப் போனோம். ஒரு வருடமாக நான் கால்சட்டை தைக்கவில்லை, எந்த உடம்புக்கு அளவு கொடுப்பது என்று தெரியாமல். தையற்காரர் என் முகத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார், பிறகு பார்க்கவில்லை. நாடாவை இடுப்பைச் சுற்றிப் போட்டுப் படித்தார்.

"அண்ணே, உள்ளே துணி விட்டுத் தைக்கட்டுமா? பின்னால பிரிச்சுக்கலாம்."

பவானி என்னைப் பார்த்தாள்.

"துணி விட்டே தைங்க," என்றேன். "பிரிக்கவும் இடம் வேணும், பிடிக்கவும் இடம் வேணும்."

"அதெல்லாம் செஞ்சுரலாம்," என்று சொல்லிவிட்டு அவர் சாக்பீஸை எடுத்துத் துணியில் கோடு போட ஆரம்பித்தார்.